இடது பக்கத்து அரை அங்குலம்

யசோதாவுக்கு நான் முதன்முதலாக ஜாக்கெட் தைத்துக் கொடுத்தபோது அவளுக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. இப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. கண்டி டவுனில் நாங்கள் இருவரும் ஒரே புடவைக் கடையில்தான் வேலை செய்கிறோம். அவள் முன்னால் நின்று சாரிகளை விரித்துக் காட்டுவாள். நான் பின்னறையில் தையல் மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன். என் பெயர் சூசையம்மா. கடையில் எல்லோருக்கும் சூசக்கா. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.

யசோதாவின் முதுகெலும்பு நேராக இறங்காது. தோள்பட்டைக்குக் கீழே வலது பக்கமாக ஒதுங்கி, இடுப்புக்கு வரும்போது திரும்பவும் நடுவுக்கு வந்துசேரும். அதனால் வலது விலா புடைத்துக்கொண்டும் இடது விலா உள்வாங்கியும் இருக்கும். அவளுடைய ஜாக்கெட்டுக்கு வலது துண்டைப் பெரிதாகவும் இடது துண்டைச் சிறிதாகவும் வெட்டுவேன். மேலே முந்தானையைப் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. கடைக்கு வருகிற பெண்கள் எத்தனையோ பேர், "உங்களுக்கு ஜாக்கெட் எவ்வளவு அழகா நிக்குது, யார் தைச்சது?" என்று அவளைக் கேட்டுவிட்டு என்னைத் தேடி வந்திருக்கிறார்கள்.

அவள் பிறந்தது புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். பன்னிரண்டு பதின்மூன்று வயதில்தான் முதுகு வளையத் தொடங்கியது. தாய் கொழுந்துக் கூடையைத் தூக்கக் கொடுத்திருப்பாள் என்று லயத்து வீடுகளில் பேசிக்கொண்டார்கள். யசோதா கூடையைத் தொட்டதேயில்லை. விழவுமில்லை, அடிபடவுமில்லை. அந்த உடம்பு வளர்ந்த விதமே அப்படித்தான் என்று டாக்டர்மார் சொல்லிவிட்டார்கள். ஆனால் பள்ளிக்கூடத்தில் யார் கேட்டார்கள்? விளையாட்டுப் போட்டி வந்தால் டீச்சர் பிரம்போடு வந்து, "நேரா நில்லு, நேரா நில்லு" என்று முதுகில் தட்டுவாராம். இவள் நேராகத்தான் நின்றுகொண்டிருப்பாள். அந்த டீச்சர் இப்போது என் கண்ணில் பட்டால் நாலு கேள்வி கேட்காமல் விடமாட்டேன்.

கல்யாணத்துக்குப் பிறகு ஹந்தானைக்கு வந்தாள். புருஷன் சுதேஷ் த்ரீவீல் ஆட்டோ ஓட்டுகிறான், தங்கமான பையன். வீடு மேட்டில் இருக்கிறது. ரோட்டில் இறங்கிப் படியேற வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால்வரை ஓடியே ஏறியவள், பிறகு பாதி வழியில் உட்காரத் தொடங்கினாள். மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார்கள். பழைய படத்தைவிட வளைவு கொஞ்சம் கூடியிருந்தது. அடுத்த வருஷம் இன்னொரு படம் எடுப்போம், அதிலும் கூடியிருந்தால் முதுகைத் திறந்து கம்பி வைக்க வேண்டிவரும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை. முதுகெலும்புக்குப் பக்கத்தில் கத்தி போனால் கால் வராமல் போய்விடுமோ என்பதுதான் அவள் பயம். சாரியை மடித்துக்கொண்டே இருப்பாள், திடீரென்று கை நின்றுவிடும். "என்னடி?" என்று கேட்டால், "கால் இருக்கான்னு பார்த்தேன்க்கா" என்பாள்.

அந்த நேரத்தில்தான் நதீஷா வந்தாள். எங்கள் அந்தோனியார் கோயில் பிள்ளை, சின்ன வயது. கொழும்பில் ஒரு சீனத்து அம்மாவிடம் ஏதோ பயிற்சி படித்துவிட்டு வந்து, காலையில் கடைகள் திறப்பதற்கு முன்னால் ஒரு டியூஷன் வகுப்பு மாடியில் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். துணி வாங்க வந்தவளிடம் யசோதா தன் மூச்சுக் கதையைச் சொல்ல, "வந்து பாருங்கக்கா, மெதுவான பயிற்சிதான்" என்று கூப்பிட்டாள். உடம்பில் ஓடுகிற சக்தியை மூச்சால் நடத்துவதாம். சக்தி என்றதும் எனக்கு ஏதாவது ஏவல் சமாச்சாரமோ என்று சந்தேகம். அந்தோனியாரை நினைத்துக்கொண்டு நானும் கூடப் போனேன்.

அப்படி ஒன்றும் இல்லை. காலை அகட்டி, முழங்காலைத் தளர்த்தி நிற்க வேண்டும். மூச்சை இழுக்கும்போது கைகள் மெதுவாக எழும், விடும்போது மெதுவாக இறங்கும். முதுகெலும்பு வழியாகச் சக்தி மேலே ஏறி, உச்சந்தலையைத் தொட்டு, முன்பக்கமாக இறங்குவதாக நினைக்க வேண்டும். "முதுகை நேரா வச்சுக்கோங்க. உச்சந்தலையில ஒரு கயிறு கட்டி மேல இழுக்கிற மாதிரி நெனைச்சுக்கோங்க" என்றாள் நதீஷா. மற்றவர்கள் எல்லோரும் நிமிர்ந்தார்கள். யசோதா மட்டும் கழுத்தை முன்னால் நீட்டிக் குனிந்தாள். தாயின் தலையில் கூடைக் கயிற்றைப் பார்த்து வளர்ந்தவள். தலையில் கயிறு என்றால் பின்னால் பாரம் தொங்குகிறது என்றுதான் அவள் உடம்புக்குத் தெரியும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவளுக்கும் வந்தது.

ஆனால் அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. ஒரு வாரம் போனதும், மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தாள்.

"சூசக்கா, சக்தி முதுகெலும்பு வழியாத்தானே ஏறுதாம். எனக்கு அந்த வளைவுல சிக்கிக்கிட்டா என்ன செய்றது? நான் எவ்வளவு இழுத்துப் பிடிச்சாலும் நேராக மாட்டேங்குது. வலிதான் வருது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார்மேல் என்று தெரியாத கோபம்.

"ஏண்டி, நீ புசல்லாவைக்காரிதானே? அந்த ரோட்டுல எங்கடி நேரா ஒரு துண்டு இருக்கு? பஸ் நுவரெலியாவுக்குப் போய்ச் சேரலையா? வளைஞ்ச ரோட்டுல வளைஞ்சு போகட்டும் ஒன் சக்தி. மொதல்ல சோத்தைத் தின்னு."

இதை அவள் மறுநாள் நதீஷாவிடம் அப்படியே ஒப்பித்துவிட்டாள். நதீஷா நல்ல பிள்ளை. வளைந்த முதுகோடு ஒருவருக்கு இதுவரை சொல்லிக்கொடுத்ததில்லை என்று ஒத்துக்கொண்டு, கொழும்புக்குப் போன் போட்டுத் தன் டீச்சரிடம் கேட்டாள். பிறகு வந்து, "இனி நேராக்கப் பார்க்காதீங்கக்கா. உங்க உடம்புக்கு எது நடுவோ அதுலயே நில்லுங்க" என்றாள். உள்வாங்கியிருந்த இடது விலாவில் தன் உள்ளங்கையை வைத்து, "என் கையை மூச்சால தள்ளுங்க" என்றாள். தினமும் இதே வேலை. கை பட்டால் மூச்சு அந்தப் பக்கம் போகும்.

மாதங்கள் போயின. யசோதா உட்காராமலே படியேறுவதாகச் சுதேஷ் என்னிடம் வந்து சொன்னான். அவள் முகத்தில் ரத்தம் ஊறியது. ஆனாலும் பயம் விடவில்லை. மூச்சு நன்றாக வந்தால் எலும்பும் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமா என்று கேட்பாள். எனக்கு என்ன தெரியும்? ஒரு நாள் மெதுவாக, "படம் நல்லபடியா வந்தா, ரெண்டு பக்கமும் ஒரே அளவுல எனக்கொரு ஜாக்கெட் தைச்சுத் தருவீங்களாக்கா?" என்றாள். பார்க்கலாம் என்றேன். அந்த ஆசை அவளுக்குள் இருந்தது அன்றுதான் எனக்குத் தெரியும்.

கிளினிக்குக்குக் கொஞ்ச நாளுக்கு முன்னால் வத்தேகமையில் சுதேஷின் சொந்தத்தில் ஒரு கல்யாணம் வந்தது. புது ஜாக்கெட் வேண்டும். வழக்கமாக அவளுடைய அளவு ஜாக்கெட்டை வைத்தே வெட்டிவிடுவேன். அந்த ஜாக்கெட் இடது பக்கத் தையலில் பிரிந்துபோயிருந்தது. சமீபத்தில் அவளுடைய ஜாக்கெட்டுகள் எல்லாமே அந்தப் பக்கம்தான் பிரிந்தன. இப்போது வருகிற நூலே சரியில்லை என்று திட்டிக்கொண்டு, டேப்பை எடுத்து அவளையே நிறுத்தி அளந்தேன்.

வலது பக்கம் பழைய அளவுதான். இடது பக்கத்தில் டேப்பை வைத்துப் பிடித்தேன். அரை அங்குலம் கூடியிருந்தது. கண் மங்கிவிட்டதோ என்று வெளிச்சத்துக்குத் திருப்பி நிறுத்தி மறுபடியும் அளந்தேன். அதே அரை அங்குலம். இத்தனை வருஷத்தில் ஒரு நூலளவுகூட மாறாத பக்கம் அது.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்லடி."

"உங்க மூஞ்சி சரியில்ல. சொல்லுங்க. கூடியிருக்கா?"

என் வாய்தான் நீளமே தவிர, முகத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது. "இடது பக்கம் கொஞ்சம்" என்றேன். அவள் துணிக் கட்டின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"போச்சுக்கா. வலது பக்கம் வளைஞ்சது போதாதுன்னு இப்ப இடது பக்கமும் தள்ளுது. தெனமும் அந்தப் பக்கத்தையே தள்ளித் தள்ளி நானே எலும்பை நகர்த்திட்டேன்."

நானும் அதைத்தான் நினைத்தேன். வேறு என்ன நினைக்க முடியும்?

மறுநாளிலிருந்து அவள் பயிற்சிக்குப் போகவில்லை. நதீஷா கடைக்கே தேடிக்கொண்டு வந்தாள். நான் அவளைப் பின்னறைக்குக் கூட்டிப்போய் வாய்க்கு வந்தபடி பேசினேன். "ஒன் சீனாச் சக்திக்கு இந்தப் புள்ளைதானா கெடைச்சா?" என்றுகூடக் கேட்டேன். அவள் கண் கலங்கியது. "அப்படி ஆகியிருக்காதுன்னு நெனைக்கிறேன் ஆன்ட்டி. ஆனா எனக்கு நிச்சயமாத் தெரியாது. டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

யசோதா மறுபடியும் பாதிப் படியில் உட்காரத் தொடங்கினாள். கல்யாண வீட்டுக்கும் போகவில்லை. வெட்டாத துணி என் மேசையில் கிடந்தது. கோயிலில் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். முருகனைக் கும்பிடுகிற பிள்ளைக்கு நான் வேண்டினால் அவர் கோபித்துக்கொள்ளவா போகிறார்?

கிளினிக் நாளன்று நானும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். சுதேஷ் எங்களை இறக்கிவிட்டு வாசலில் நின்றான். படம் எடுத்தாயிற்று. வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் யசோதா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் விரல்கள் ஐஸ் மாதிரி இருந்தன. பெயர் கூப்பிட்டதும் எழும்பினாள், உடனே என் தோளைப் பிடித்துக்கொண்டாள். கால் இருக்கிறதா என்று பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

டாக்டர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் வைத்து நேரமெடுத்துப் பார்த்தாள். எனக்கு அந்தோனியாரின் பெயரே மறந்துபோய்விட்டது.

"பயப்பிடாதேங்கோ. வளைவு கூடேல்லை. போன வருசம் இருந்த மாதிரியேதான் இருக்குது. இப்ப ஒப்பரேசன் தேவையில்லை."

நான் சிலுவை போட்டுக்கொண்டேன். யசோதா அசையவில்லை.

"குறைஞ்சிருக்குங்களா டாக்டர்?"

"இல்லை. பயிற்சியாலை எலும்பு நிமிராது. கூடாமல் நிண்டதே பெரிய காரியம்."

"அப்ப இடது பக்கம் அரை அங்குலம் எப்படிக் கூடுச்சு?" என்று நான் குறுக்கே விழுந்தேன். "நான்தான் ஜாக்கெட் தைக்கிறேன். ரெண்டு தடவை அளந்து பார்த்தேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. எழும்பி வந்து, யசோதாவின் இடது விலாவில் கையை வைத்தாள். மூச்சை இழுக்கும்படி சொல்லக்கூட இல்லை. கை பட்டதும் அந்தப் பக்கம் தானாக எழும்பியது. நான் இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்திருந்த ஜாக்கெட்டில் நூல் படபடவென்று அறுந்தது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. பின்னறையில் டேப்போடு என் கையும் அந்த இடத்தில்தான் பட்டிருந்தது. கூடியது எலும்பில்லை, மூச்சு. நூலில் ஒரு குற்றமும் இல்லை.

"இந்தப் பக்கத்துக்கு இவ்வளவு காத்துப் போகுதே, என்ன செய்யிறனீங்கள்?" என்றாள் டாக்டர். யசோதா பயிற்சியைப் பற்றிச் சொன்னாள், நிறுத்தியதையும் பிறகு மூச்சு வாங்கியதையும் சொன்னாள். "ஓம், பயத்திலை மூச்சை அடக்கிக்கொண்டு படி ஏறினால் வாங்கத்தானே செய்யும். விடாமல் செய்யுங்கோ. அடுத்த வருசமும் படம் எடுத்துப் பாப்பம்" என்றாள்.

வெளியே வந்ததும் யசோதா சுவரைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். சுதேஷ் பதறியடித்து ஓடி வந்தான். ஒப்பரேஷன் இல்லை என்று அவனுக்குச் சொன்னேன். "பிறகு ஏண்டி அழுற?" என்று அவளைக் கேட்டேன்.

"நேராகிடும்னு நெனைச்சேன் சூசக்கா" என்றாள்.

நான் அவள் முந்தானையை இழுத்துப் பிரிந்த தையலை மூடிவிட்டேன்.

மறுநாள் அவள் பயிற்சிக்குப் போய்விட்டுக் கடைக்கு வந்தாள். பின்னறைக்குக் கூப்பிட்டு மறுபடியும் டேப்பைப் பிடித்தேன். "மூச்சை விடு" என்றேன். பழைய அளவுதான். "இழு" என்றேன். அரை அங்குலம் ஏறியது. கிடந்த துணியை எடுத்து, இழுத்த மூச்சுக்கே இடது துண்டை வெட்டினேன். நதீஷாவுக்கும் ஒரு ஜாக்கெட் தைத்துக் கொடுக்க வேண்டும். நான் பேசிய பேச்சுக்கு அதுகூடப் போதாது.

சாயங்காலம் யசோதா புது ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். கண்ணாடியில் முதுகைத் திருப்பிப் பார்த்தாள். வலது பக்கம் பெரிதுதான், இடது பக்கம் சிறிதுதான்.

"ரெண்டும் ஒரே அளவு இல்லடி" என்றேன்.

"தெரியுதுக்கா. கைய வைங்க" என்றாள்.

வைத்தேன். அவள் மூச்சை நன்றாக இழுத்தாள். என் கை நகர்ந்தது. தையல் பிரியவில்லை.