செரி ஆக்கியாச்சு

விரலகலத்துக்கு ஒரு காகிதத் துண்டு என் பழைய டைரியின் அட்டைக்குள் கிடக்கிறது. ரயில் முன்பதிவுப் படிவத்தின் ஓரத்தைக் கிழித்து எழுதியது. கையெழுத்து என்னுடையது, எழுதியிருப்பது என் அலுவலக பாஸ்வேர்டு. அதை நான் கூட வேலை பார்த்த அக்காவிடம் கொடுத்த நாள் நினைவிருக்கிறது. அவர் அதைத் திருப்பித் தந்த நாளை மறக்க முயன்று தோற்றிருக்கிறேன்.

கோல் மார்க்கெட் பக்கம் ஒரு மாடியில் இருந்தது எங்கள் சின்னக் கம்பெனி. பள்ளி நூலகங்களுக்கு மென்பொருள் எழுதினோம். அக்கா நாகர்கோவில்காரர். கணவரின் ராணுவ வேலையோடு தில்லிக்கு வந்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் லோதி ரோடு அரசுக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்த, தஞ்சாவூர்க் குடும்பத்துப் பெண். அப்போது என் வாயில் வந்ததைத் தமிழ் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கும். "மக்ளே, நீ பேசுறதுல தமிழு எது, ஹிந்தி எதுண்ணு பிரிச்சு எடுக்கவே தனியா ஒரு ஆளு வேணும்" என்று சாப்பாட்டு நேரத்தில் கிண்டலடிப்பார். தன் டப்பாவிலிருந்து மீன் குழம்பை என் சப்பாத்தி மேல் ஊற்றிக்கொண்டே சொல்வார். அதனால் கோபமே வராது.

நாங்கள் எழுதும் நிரல் ஒவ்வொன்றும் அலுவலக சர்வரில் சேரும். யார் எதை மாற்றினார், எந்த நேரத்தில், எதற்காக என்று ஒரு வரிக் குறிப்போடு அது பதிந்து வைத்துக்கொள்ளும். அந்தப் பதிவுக்கு கமிட் என்று பெயர். ஆனால் ஒப்பந்த ஊழியர்களுக்கு அங்கே சொந்தக் கணக்கு கிடையாது. நிரந்தர ஊழியர் ஒருவரின் கணக்கில் நுழைந்துதான் அவர்கள் வேலை செய்ய வேண்டும். நான் நிரந்தரம், அக்கா ஒப்பந்தம். அப்படித்தான் அந்தக் காகிதத் துண்டு கை மாறியது. அன்றிலிருந்து அக்கா எழுதியதெல்லாம் என் பெயரில் பதிவானது. அதில் எனக்கு ஒரு அசட்டுப் பெருமைகூட இருந்தது, என் சாவியை ஒருத்தருக்குக் கொடுத்திருக்கிறேனே என்று.

பெயர் ஒன்றானாலும் குறிப்புகளில் ஆள் தெரியும். நான் ஆங்கிலத்தில் இரண்டு சொல் எழுதுவேன். அக்கா ஆங்கில எழுத்தில் நாகர்கோவில் தமிழ் எழுதுவார். "தேதி தப்பா காட்டிச்சு, செரி ஆக்கியாச்சு." "திருப்பித் தராத புக்கு பட்டியல், செரி ஆக்கியாச்சு." எங்கள் மேலாளருக்குத் தமிழ் தெரியாது. அவர் குறிப்புகளைப் பார்க்கவே மாட்டார், பெயரைத்தான் பார்ப்பார்.

ஒப்பந்தக்காரர்களைக் குறைக்க முடிவெடுத்த வாரத்தில் அந்த மேலாளர் கமிட் பட்டியலை அச்சடித்து மேசையில் போட்டார். அறையில் அவர், அக்கா, நான். பக்கங்களைப் புரட்டிவிட்டு அக்காவிடம், "இஸ்மே தோ ஆப்கா நாம் ஹி நஹீ ஹை" என்றார். இதில் உங்கள் பெயரே இல்லையே என்று அர்த்தம். அக்கா என்னைப் பார்த்தார். கெஞ்சலாக அல்ல, இவள் சொல்லிவிடுவாள் என்ற சாதாரண நம்பிக்கையோடு. ஒரே ஒரு வாக்கியம் போதும். ஆனால் குழுத் தலைவி பதவிக்கு என் பெயர் அந்த மாதம்தான் போயிருந்தது. மேலாளர் என் பக்கம் திரும்பி, "பஹுத் அச்சா காம்", ரொம்ப நல்ல வேலை, என்றார். "தேங்க்யூ சார்" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எனக்கு அந்த இரண்டு சொல்லே போதுமானதாக இருந்தது.

மறுநாள் மாலை, வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட அக்கா காகிதத் துண்டை என் கீபோர்டு மேல் வைத்தார். "உனக்க பாஸ்வேர்டு. மாத்திக்கோ." அவ்வளவுதான் சொன்னார். கம்பெனி தந்த அனுபவச் சான்றிதழில் அவர் வேலையை 'டேட்டா என்ட்ரி' என்று போட்டிருந்தார்கள். அதைக் காட்டி யார் நிரல் எழுதும் வேலை தருவார்கள்? ஊருக்குத் திரும்பி ஒரு பள்ளி அலுவலகத்தில் தட்டச்சு வேலையில் சேர்ந்தார்.

நான் குழுத் தலைவியானேன். பின்னால் கம்பெனியே மூடிவிட்டது. மூடும்போது பழைய சர்வரின் ஹார்ட் டிஸ்கை, குப்பைக்குப் போகுமுன், வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள் என்று என்னிடம் கொடுத்தார்கள். இந்த வருடம்தான் வீட்டில் ஃபிரிட்ஜ் மேல் ஒரு சின்னப் பெட்டி சர்வரை வைத்து, பழையதையெல்லாம் அதற்கு மாற்ற உட்கார்ந்தேன். மாற்றும் கருவி முதலில் ஒரு பட்டியல் கேட்கிறது: பழைய கணக்கு ஒவ்வொன்றும் எந்த மனிதருடையது? ஒரு கணக்குக்கு ஒரு பெயர்தான் எழுத இடம். நல்ல கேள்விதான், கேட்க வேண்டிய நாளில் யாரும் கேட்கவில்லை.

குறிப்பில் 'seri' என்று இருந்தால் அக்கா பெயரைப் போடு என்று ஒரு சின்ன நிரல் எழுதினேன். கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். ஓட்டிப் பார்த்தால் என் கமிட்டுகளும் சில அக்கா பெயருக்குப் போயிருந்தன. நூலக மென்பொருளில் 'series' என்ற சொல் இல்லாமலா இருக்கும்? பிராயச்சித்தத்தைக்கூட எனக்கு ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லை. கடைசியில் ஒவ்வொரு குறிப்பாகக் கண்ணால் படித்துப் பிரித்தேன். தமிழையும் மற்றதையும் பிரிக்கத் தனியாக ஒரு ஆள் வேண்டும் என்று அவர் சொன்னது என்னைத்தான் போலிருக்கிறது.

பெரும்பாலானவை அக்காவுடையவை. நான் போட்ட தவறுகளைத் திருத்தியவையே எத்தனையோ. அவருடைய கடைசிக் கமிட் காகிதத்தைத் திருப்பித் தந்த நாளில், அதற்குச் சற்று முன்னால் செய்தது. அதுவும் என் தவறு ஒன்றைத் திருத்தியதுதான். குறிப்பு: "எல்லா சோலியும் செரி ஆக்கியாச்சு. வாறேன்." விடைபெற்றுக்கொண்டதுகூட என் பெயரில். இத்தனை வருடம் நான் அதைத் திறந்து பார்க்கவே இல்லை.

அக்காவைத் தொலைபேசியில் அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பெயரை மாற்றிவிட்டேன் என்றேன்.

"செரி. அது இப்ப எங்க இருக்கு மக்ளே?"

"என் வீட்டுல, அக்கா. ஃபிரிட்ஜ் மேல."

"அத யாரு பாக்கப் போறா?"

அவரே சொன்னார்: "அண்ணைக்கு அந்த ரூம்ல மூணு பேரு இருந்தோம். அங்க ஒரு வாக்கு சொல்லியிருந்தா போதும், கேட்டியா."

அவர் பெயரில் ஒரு கணக்கு தொடங்கியிருக்கிறேன், பாஸ்வேர்டு சொல்லட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம் மக்ளே. அடுப்புல பால் வச்சிருக்கேன்" என்று வைத்துவிட்டார்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். நான் அதையும் வீட்டுக்குள் உட்கார்ந்து செய்தவள். சர்வரில் இரண்டு கணக்குகள் இருக்கின்றன. என் பெயருக்கு எதிரே, கடைசியாக உள்நுழைந்த நாளாக, இன்றைய தேதி. அக்கா பெயருக்கு எதிரே 'இதுவரை உள்நுழையவில்லை'. அவருடைய பாஸ்வேர்டை அந்தப் பழைய காகிதத் துண்டின் பின்பக்கத்தில் எழுதி, டைரி அட்டைக்குள்ளேயே திரும்ப வைத்துவிட்டேன்.