கம்பத்தில் ஒரு விருந்தும் என் பத்துப் பொட்டலங்களும்

ஆதரவற்றோர் இல்லங்களில் வளர்ந்த பெண்கள் பதினெட்டு வயதில் வெளியே வந்ததும், ஓரிரு ஆண்டுகள் தங்கி, சமைக்கவும் வங்கிக்குப் போகவும் வீடு தேடவும் பழகும் வீடு ஒன்று கம்பத்தில் இருக்கிறது. நடத்துபவள் என் கல்லூரித் தோழி. இதையெல்லாமா கற்றுத்தர வேண்டும் என்ற சந்தேகத்தோடுதான் 2009 ஜனவரியில் கிளம்பினேன். அன்று அப்பாவின் திதி. கையில் எதுவும் கொண்டுவராதே என்று தோழி சொல்லியிருந்தாள். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மதுரையிலிருந்து தேனி 75 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். அங்கிருந்து கம்பம் இன்னொரு நாற்பது. உத்தமபாளையம் தாண்டியதும் திராட்சைப் பந்தல்கள், சன்னலோரம் பிடித்துக்கொள்ளுங்கள். கம்பத்தில் இறங்கி, பத்துச் சாப்பாட்டுப் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு ஆட்டோவில் போனேன். முப்பது ரூபாய்.

கூடத்தில் ஓர் அம்மாள் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார். அங்கே தங்கி, தையல் கம்பெனியில் வேலை பார்க்கும் கவிதா பரிமாறிக்கொண்டிருந்தாள். நான் பைகளை இறக்கி, அப்பா திதிக்கு, இல்லத்துப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்றேன்.

அந்த அம்மாளின் கை நின்றது. "இல்லத்துப் பிள்ளைகளா? மொதல்லயே சொல்லிருக்கலாம்ல ஆத்தா. வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்றேன்."

அவர் போன பிறகுதான் தெரிந்தது. கவிதாவும் அங்கே தங்கியிருந்த இன்னொரு பெண்ணும் குடிபோகக் கேட்டிருந்த மாடி வீடு அவருடையது.

"கலந்து பேசுறாகன்னா இல்லைன்னு அர்த்தம்க்கா," என்றாள் கவிதா. "சாப்பிட்டு முடிக்கவும் நானே சொல்லணும்னு இருந்தேன். சாம்பாரு நல்லாருக்குன்னு ரெண்டு தடவ வாங்குனாக."

மன்னிப்புக் கேட்டேன். அவள் பொட்டலங்களை என் பக்கம் நகர்த்தினாள்.

"இதக் கொண்டு போயிருங்க. செத்தவுக பேரச் சொல்லிக் கும்பிட்டுக் கும்பிட்டே சாப்பிட்டு வளந்தாச்சு. உக்காருங்க, உங்களுக்கும் சேத்துத்தான் ஆக்குனேன்."

சாப்பிட்டேன். உப்பு, புளி எல்லாம் சரியாக இருந்தது. நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

இது போன்ற வீடுகளுக்குப் போக நினைப்பவர்கள் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தேனிக்குக் கடைசிப் பேருந்துவரை காத்திருக்க வேண்டாம், கூட்டம் அதிகம்.

வாடகைக்கு விட வீடு இருந்தால் அதை அவர்களிடம் சொல்லுங்கள். மதுரையில் எங்கள் மாடி காலியாகத்தான் கிடக்கிறது. 'குடும்பத்தினருக்கு மட்டும்' என்று வாசலில் அட்டை எழுதித் தொங்கவிட்டது நான்தான்.