வாய்தா கேட்கும் பெண்

நான் கவனித்துக்கொள்ளும் வக்கீல் ஐயாவுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம். அவரைத் தூக்கி உட்காரவைத்து எனக்கு முதுகு வலித்ததில்லை. அவர் மகளால்தான் தலை வலிக்கிறது.

செருப்பு வாங்கப் போனால் நாலு கடை ஏறி, பழைய செருப்போடு திரும்பும் பெண் அவள். எதையும் தள்ளிப்போடுவதால் அப்பா வைத்த பெயர் வாய்தா. ஒரு சரக்கு கம்பெனியில் ஒப்பந்தங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவள், மேலே படிக்கக் கிளம்பினாள். சட்டத்தையும் வணிக நிர்வாகத்தையும் சேர்த்துப் படித்தால் நான்கு வருஷம். தனித்தனியாக என்றால் சட்டம் மூன்று வருஷம், வீட்டுக்கு வந்துவிட்டு, பிறகு வணிகம் இரண்டு.

விண்ணப்பத்தில் இரண்டு கட்டத்திலும் டிக் அடித்து, இரண்டு பக்க விளக்கமும் இணைத்திருக்கிறாள். இன்று காலை பதில் வந்தது: ஐந்து மணிக்குள் ஒன்றைச் சொல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்கு.

"அவங்களே பாத்து முடிவு பண்ணுவாங்கன்னு நெனச்சேன், நர்ஸம்மா."

மதில் மேல் பூனைகூட ஏதாவது ஒரு பக்கம் குதித்துவிடும். இவள், நான் மாத்திரை நேரம் குறிக்கும் தாளை எடுத்து, அதன் பின்பக்கம் கோடு போட்டு, இரண்டு பக்கமும் பதினோரு காரணம் எழுதினாள். இரண்டும் சமம்.

வேலை பார்க்கும் அச்சகத்திலிருந்து அவள் அம்மா போன் செய்தாள். "சேத்தே படிச்சிடு, ஒரு வருஷம் மிச்சம்."

"அதுவும் சரிதாம்மா," என்றாள்.

"எதுதான்டி உனக்குத் தப்பு?" என்று அம்மா வைத்துவிட்டாள்.

மணி நாலே கால். ஐயா இடக்கையால் கட்டிலைத் தட்டினார். ஒவ்வொரு சொல்லும் இழுத்துக்கொண்டுதான் வரும்.

"ஆமா... இல்ல... ரெண்டுல ஒண்ணு சொல்லு. சட்டம்... வேணுமா?"

"அது வந்துப்பா..."

"ஆமாவா, இல்லையா?"

"ஆமா."

"வியாபாரம்?"

"ஆமா."

"சேத்துப் படிக்கத் தெம்பு... இருக்கா?"

"இருக்கு."

"அப்புறம்... என்ன தடை?"

அவள் தாளை மடித்தாள், பிரித்தாள். "சேத்துப் படிச்சா நடுவுல லீவே கிடையாதுப்பா. நாலு வருஷம். உங்கள யாரு..."

பன்னிரண்டாவது காரணம். அதை மட்டும் எழுதவில்லை.

ஐயா என் பக்கம் விரலை நீட்டினார். "சாட்சி."

"இந்த வீட்டுல ரெண்டு பேரப் பாத்துக்கறேன். ஒருத்தருக்குத்தான் சம்பளம்," என்றேன். "நீ போனா ஐயாவுக்கு வேளாவேளைக்கு மாத்திரை கிடைக்கும். என் தாளைக் கொடு."

ஐயாவின் வாய் ஒரு பக்கமாகச் சிரித்தது. அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு மடிக்கணினியைத் திறந்து, 'சேர்த்து' என்ற கட்டத்தில் டிக் அடித்து அனுப்பினாள். மணி நாலு ஐம்பது.

"நர்ஸம்மா, ஹாஸ்டலா, தனி ரூமா? எது நல்லது?"

நான் ஐயாவுக்கு மாத்திரையைக் கொடுத்தேன். தாளைத் திருப்பி, நாலு மணி மாத்திரைக்கு நேராக நாலு ஐம்பத்தைந்து என்று எழுதினேன். எட்டு மாதத்தில் இதுதான் முதல் தாமதம்.