மூன்றாவது அம்பு

கதவுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் கையைத் துடைத்தார். அந்த வாசனையில், எங்கள் பழைய குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த காலி மைதானம் நினைவுக்கு வந்துவிட்டது. இப்போது அங்கே கார்கள் நிற்கின்றன.

அப்போதெல்லாம் தசராவுக்குப் பிள்ளைகள் நாங்களே மூங்கிலும் காகிதமும் ஒட்டி எரிப்பதற்கு ஆளுயர ராவணன் பொம்மை செய்வோம்; உள்ளே பட்டாசும் வைப்போம். யமுனைக் கரை நாணலில் அம்பு செய்து, நுனியில் துணி சுற்றி, மண்ணெண்ணெயில் நனைத்து, தீ வைத்து எய்வோம். அந்த வருடம் சீட்டுக் குலுக்கியதில் அம்பு விடும் ராமர் வேஷம் எனக்கு விழுந்தது. நாலு பேர் பார்த்தாலே தலை குனிகிறவள் நான்; அன்று தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

முதல் அம்பில் துணி குறைவு. பாய்ந்து போன வேகத்தில் நெருப்பு அணைந்துவிட்டது. இரண்டாவதில் நிறையச் சுற்றினேன். அது கனத்தில் தாழ்ந்து, ராவணன் காலடியில் விழுந்து அணைந்தது.

"அரே, ராம்ஜி கால்ல விழுந்து மாஃபி கேக்குறாருடா," என்றான் பக்கத்து வீட்டு முரளி. ராமரே ராவணனிடம் மன்னிப்புக் கேட்கிறாராம்; எல்லோரும் சிரித்தார்கள்.

ஒரே ஓர் அம்புதான் மீதி. முதலாவதைவிடக் கூடுதலாக, இரண்டாவதைவிடக் குறைவாக, விரலில் வைத்துக் கனம் பார்த்துப் பார்த்துச் சுற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு விட்டேன். அது அவசரமில்லாமல், சுடர் ஆட ஆடப் போய், ராவணன் வயிற்றில் குத்தி நின்றது. காகிதம் பற்றியது, பட்டாசு வெடித்தது, எல்லா முகங்களும் அந்தப் பக்கம் திரும்பின.

என்னை யாருமே பார்க்கவில்லை. அப்பாடா என்று வில்லைக் கீழே வைத்துவிட்டு, நானும் கூட்டத்தோடு நின்று ராவணன் எரிவதைப் பார்த்தேன்.