உச்சிக்கு என்ன பேரு?

எட்டயபுரம் பஸ் நிறுத்தத்தில், நட்ட நடு வெயிலில் நேரப் பலகையைப் படித்த மகள், ஏ.எம்., பி.எம். என்றால் என்னவென்று கேட்டாள். சூரியனைப் பார்த்து நேரம் சொன்ன காலத்து லத்தீன் சொற்களின் சுருக்கம். உச்சிக்கு முன், உச்சிக்குப் பின் என்று அர்த்தம் என்றேன்.

"அப்ப சரியா உச்சிக்கு என்னம்மா பேரு?"

பள்ளிக்கூடம் சேராத வயதில், என் அம்மா பருத்தி எடுக்கும் கரிசல்காட்டில் இருந்தேன். மருந்துக்கும் மரம் கிடையாது. காலையில் எனக்குக் கிழக்கே நின்று எடுப்பாள், சாயங்காலம் மேற்கே. அவள் நிழல்தான் எனக்குக் கூரை. உச்சியில் அது அவள் காலடிக்குள் ஒடுங்கிவிடும். உடனே தன் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து என் தலையில் போடுவாள்.

"ஏட்டி, செத்த பொறு. உச்சி சாஞ்சா நிழல் வந்துரும்."

அதுவரை வெறுந்தலையோடு பருத்தி எடுப்பாள்.

"சொல்லும்மா" என்று மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். முந்தானையை அவள் தலைக்கு மேல் விரித்துப் பிடித்தேன்.