வெளுக்காமல் நின்ற கட்டி

எனக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது மேல் பல் ஈற்றில் ஒரு சிவப்புக் கட்டி வந்தது. முதலில் மிளகு அளவு. மூன்றே வாரத்தில் சுண்டைக்காய் அளவு ஆகிவிட்டது. சோறு பட்டாலே ரத்தம். ஜெர்மன் சண்டை நடந்த காலம் அது. பூந்தமல்லியில் நாங்கள் பூக்கட்டிப் பிழைத்தோம்.

நான் நடுங்கியதற்குக் காரணம் இருந்தது. என் நாத்தனார் சாராளின் பெண் குழந்தைக்குப் பிறந்ததிலிருந்தே உதட்டுக்குள் இதே மாதிரி ஒரு கட்டி. ஊர் வைத்தியர் அறுத்தார். ரத்தம் நிற்கவே இல்லை, பிள்ளை போய்விட்டது. அதற்குப் பிறகு சாராள் கோயிலுக்கு வருவதை விட்டுவிட்டாள்.

ரத்தம் இப்படிப் போனால் வயிற்றுப் பிள்ளை தங்காதென்று என் மாமியாருக்குப் பயம். திங்கட்கிழமை அறுத்துவிட வேறொரு வைத்தியரை வரச் சொல்லிவிட்டார். ஞாயிறு முழுவதும் நான் பட்டினி கிடந்து ஜெபித்தேன். “இதை எடுத்துப்போடும், ஆண்டவரே” என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. கண்ணாடியில் பார்த்தால் கட்டி அப்படியே இருந்தது. அவர்மேல் கோபம்கூட வந்தது.

திங்கள் காலை சாராள் வண்டி கொண்டுவந்து நின்றாள். மிஷன் டாக்டரம்மா பார்க்காமல் அண்ணிமேல் கத்தி படக்கூடாது என்று தன் தாயை எதிர்த்துப் பேசினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எல்லாம் விசாரித்தார். சாதாரணச் சதைக் கட்டி, ரத்தக் குழாய்க் கட்டி இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும்; ரத்தக் குழாய் பின்னிய கட்டியானால் அழுத்தும்போது வெளுக்கும், அதில் கத்தி வைத்தால் உயிருக்கே ஆபத்து என்றார். சின்னக் கண்ணாடித் துண்டைக் கட்டிமேல் வைத்து அழுத்தினார். வெளுத்ததா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? சாராளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் குனிந்து கண்ணாடிக்கு அடியில் பார்த்தாள்.

“எம் பொண்ணுத அமுத்துனா வெள்ளையாப் பூடும். இது செவப்பாவே கீது, அண்ணி.”

சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன்.

டாக்டரம்மா கட்டியின் அடியில் இடுக்கி விட்டு எதையோ உருவினார். வாழைநார்! கட்டி முடித்த பூச்சரத்தின் நாரைப் பல்லால் கடித்து அறுப்பது எங்கள் தெருப் பெண்கள் எல்லோருக்கும் பழக்கம். ஒரு சிம்பு ஈற்றில் ஏறிப் புண்ணாக்க, கர்ப்ப உடம்பில் அது கட்டியாக வளர்ந்துவிட்டதாம். இப்போது அறுக்க வேண்டாம், பிரசவத்துக்குப் பிறகு தானே சுருங்கும் என்றார்.

அப்படியே சுருங்கியது. மகளுக்கு மூன்று மாதம் ஆனபோது கட்டி இருந்த இடமே தெரியவில்லை. இன்றுவரை நான் நாரில் பல் வைப்பதில்லை, இடுப்பில் கத்தரிக்கோல் தொங்குகிறது.

கட்டியை எடுக்கச் சொல்லி அழுத எனக்கு ஆண்டவர் சாராளை அனுப்பினார். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவள் கண்ணைக் கொண்டே என் பிள்ளையைக் காத்தார். ஞானஸ்நானத்தன்று மகளைச் சாராள்தான் ஏந்திக்கொண்டு கோயிலுக்குள் வந்தாள். பயத்தை உள்ளே பூட்டிவைத்திருக்கிறவர்கள் இங்கே யாராவது இருந்தால் ஆண்டவரிடம் சொல்லுங்கள். கோபமாகச் சொன்னாலும் கேட்கிறார்.