விண்கலத்துக்குப் பட்டை

தொலைக்காட்சிக்கு விண்வெளி நாடகம் எழுதித் தயாரிக்கிறவருக்கு எதிரிகள் வேற்றுக்கிரகத்தில் இல்லை. பட்டறையிலும் ஒப்பனை அறையிலும்தான் இருக்கிறார்கள். இந்தத் தொழிலில் என்னைப்போல் மாட்டிக்கொண்டவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

மீசை

எண்பதுகளில் என் முதல் நாடகம். ஜெலுத்தோங் பாசார் சந்தையில் மீன் விற்ற வாய் எனக்கு. அந்த வாயால்தான் தொலைக்காட்சி நிலையத்தில் சண்டைபோட்டு ஒரு மணி நேர ஒளிபரப்பு வாங்கினேன். வெள்ளிக்கிழமைக்குள் ஒளிநாடா போய்ச் சேராவிட்டால் அந்த நேரம் வேறொருவருக்கு.

வேற்றுக்கிரகத் தலைவனாக நடிக்க வந்த பஸ் டிரைவர் சேகர், மீசையை எடுக்க மாட்டேன் என்று நின்றார். கத்திப் பார்த்தேன், நடக்கவில்லை. பிறகு பேரம்: மீசை இருக்கட்டும், முகத்தோடு சேர்த்து அதற்கும் பச்சைச் சாயம். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “மாமியார் வீட்டுல மட்டும் சொல்லிடாதீங்க லா, அக்கா.”

மூக்கு

விண்கலத்தைத் தகரத்தில் அடித்துக் கொடுத்தவர் லாரிக்குக் கூண்டு கட்டும் முனியாண்டி அண்ணன். புதன்கிழமை படம் பிடித்தோம். வியாழன் காலை நாடாவைப் போட்டுப் பார்த்தேன். கலத்தின் மூக்கில் மூன்று பட்டை விபூதி, நடுவில் குங்குமம். எல்லாக் காட்சியிலும்! எடுக்கும்போது ஒருவரும் கவனிக்கவில்லை. புது வண்டியில் பட்டை இருந்தால் நம் கண்ணுக்கு உறைக்குமா என்ன?

அண்ணன் பட்டறைக்கு ஓடினேன். கலத்தைப் பிரித்து, அந்தத் தகரத்தை ஒரு லாரியில் அடித்துக்கொண்டிருந்தார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் சுத்தியலைக்கூடக் கீழே வைக்கவில்லை: “புது வண்டிக்குப் பூசை போடாம எப்படிம்மா வெளியே விடுறது? மேல போய் ஏதாச்சும் ஆயிட்டா?”

கடைசிக் காட்சி

மறுபடி எடுக்கக் கலம் இல்லை. அங்கேயே ஓர் எண்ணெய்ப் பீப்பாய்மேல் உட்கார்ந்து முடிவை மாற்றி எழுதினேன். சேகரைப் பிடித்து, திரும்பவும் பச்சை பூசி, வெறும் சுவர் முன்னால் நிறுத்தி ஒரே வசனம்: “எங்கள் பாட்டன்மார் உங்கள் ஊரிலிருந்து கிளம்பியவர்கள், ஊர் மறந்துவிட்டது, வழக்கம் மறக்கவில்லை.”

வெள்ளிக்கிழமை மதியம் நிலையத்து அதிகாரி முழு நாடகத்தையும் பார்த்தார். சண்டைக்குத் தயாராகவே நின்றேன். ‘ஏற்கப்பட்டது’ என்று கையெழுத்துப் போட்டவர் நிமிர்ந்தார்: “எல்லாம் சரிம்மா. பட்டை போட்டவங்க சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கலியே?”

அதற்குப் பிறகு என் விண்கலம் ஒன்றுகூட எலுமிச்சம்பழத்தை நசுக்காமல் பூமியை விட்டுக் கிளம்பியதில்லை. நிலையமும் எதையும் திருப்பி அனுப்பியதில்லை.